இசையறையின் இரண்டு கிற்றார்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பாடசாலை மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் தொழிலில் இருப்பவர்களை இப்படியொரு மேடைக்கு அழைத்தால் சலரோகத்தைப் பற்றியோ, நாற்பதுக்குப் பிறகு எலும்பு தேய்வதைப் பற்றியோ பேசுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். செயலாளர் அக்காவும் அப்படித்தான் நினைத்து அழைத்தார். ஆனால் 1996 ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் அணியினர் கூடிக் கதைத்தபோது, இசையறை அலுமாரிக்கு மேலே தூசு படிந்து கிடந்த இரண்டு மின்கிற்றார்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அவற்றைத் திருத்தியதில் உங்களில் பலருடைய பணமும் இருக்கிறது. கணக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று பிற்பகல் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் முன்வைக்கப்படவிருக்கிறது. இசையறையின் பழைய வாத்தியங்களைக் கழித்துவிட்டு நூற்றாண்டு நிதியில் புதியவை வாங்கிக் கொடுப்போம் என்பது அது. நல்ல மனத்தோடு எழுதப்பட்ட தீர்மானம். அதில் நாங்கள் ஒரு திருத்தம் கேட்கப் போகிறோம். என்ன திருத்தம் என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் கிற்றார்கள்.

சிவப்புக் கிற்றார் 1995 இல், நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, களியாட்ட விழாவில் சேர்ந்த பணத்தில் வாங்கியது. அப்போது சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு வீணை இருக்கிறது, வயலின் இருக்கிறது, இது எதற்கு என்றார்கள். மேலைத்தேய சங்கீத ஆசிரியை பதில் ஒன்றும் சொல்லவில்லை. வீணைக்குப் பக்கத்திலேயே அதைச் சுவரில் மாட்டினார். அடுத்த வருடம், 1996 இல், மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி நாடு முழுவதும் மணிக்கணக்காக மின்வெட்டு. மின்கிற்றார் வந்து சேர்ந்ததும் மின்சாரம் போய்விட்டது என்று எங்களை எல்லோரும் கேலி செய்தார்கள். அது ஒருவகையில் நல்லதாயிற்று. ஒலிபெருக்கி இல்லாமல், காதைக் கிற்றாரின் உடம்போடு வைத்து, மெல்லிய அந்தத் தந்தியொலியில்தான் எங்களில் ஆறேழு பேர் வாசிக்கப் பழகினோம். சிலோன் மனோகரின் சுராங்கனியை அந்த வருடம் நாங்கள் எத்தனை தடவை வாசித்தோம் என்பதற்குக் கணக்கே இல்லை. இங்கே சிரிப்பவர்களுக்குத் தெரியும்.

கறுப்புக் கிற்றார் பிறகு வந்தது. ஒரு பழைய மாணவி அன்பளிப்பாகக் கொடுத்தது. கிப்சன் நிறுவனத்தின் லெஸ் போல் என்ற கிற்றாரின் வடிவில் வேறு யாரோ செய்த நகல். கனமானது, குரலும் கனம்.

2022 இல் இரண்டும் பாவனைக்கு உதவாமற் போயின. சிவப்புக் கிற்றாரின் கழுத்து முறுக்கிக்கொண்டது. கறுப்புக் கிற்றார் விழுந்து தலை முறிந்தது. அந்த வருடம் எப்படிப்பட்டது என்பதை இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருந்தவர்களும் தொலைபேசியில் கேட்டு அழுதிருப்பீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன. அப்படியிருக்க ஒரு பாடசாலை மின்கிற்றார் வாங்குவதைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்? இரண்டும் அலுமாரிக்கு மேலே ஏறின.

அவை கீழே இறங்கியதற்குக் காரணம் ஒரு பிள்ளை. இப்போது உயர்தரம் படிக்கிறாள். பாடசாலைக் குழுவில் கிற்றார் வாசிக்க ஆசைப்பட்டு, கிற்றார் இல்லாததால் தாளக்கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தவள். ஒருநாள் ஆசிரியையிடம் போய், “அந்த உடைஞ்சதையாவது வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சிருக்கட்டுமா மிஸ்?” என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியை அதை எங்கள் அணியின் கைபேசிக் குழுவில் ஒரு வரியாகப் போட்டார். அன்றிரவு கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த செய்திகளை இங்கே வாசித்தால் நேரம் போதாது.

சரி, கழுத்து என்பது என்ன? கிற்றாரில் இடது கை பிடிக்கும் நீண்ட பகுதி. அதன் மேல் ஒட்டியிருக்கும் பலகைதான் விரற்பலகை. வீணையில் மெட்டுகள் இருப்பதுபோல அதில் பிரெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். மேல்முனையில் முறுக்காணிகள் உள்ள தலை. தலைக்கும் விரற்பலகைக்கும் நடுவே தந்திகள் ஏறிச் செல்லும் சிறு வெண்கட்டைக்கு நட் என்று பெயர். கீழே உடம்பில், வீணையின் குதிரையைப் போன்ற ஒன்று. ஆறு தந்திகளையும் சுருதி கூட்டி முறுக்கிவிட்டால் அவை கழுத்தை இழுக்கும் இழுவை ஏறத்தாழ 45 கிலோகிராம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இரவும் பகலும் அதில் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழுவையில் மரம் வில்லாக வளையாமலிருக்க, கழுத்தின் உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ரொட் என்பார்கள். கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த தாடியஸ் மக்ஹியூ என்பவர் 1920களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் முனையில் உள்ள திருகை இறுக்கினால் கழுத்து பின்னோக்கி நிமிரும். தளர்த்தினால் தந்திகளின் பக்கம் வளையும். முழுக்க நேராக இருப்பதும் சரியில்லை. அதிரும் தந்திக்கு இடம் வேண்டுமே! நடுப்பகுதியில் கால் மில்லிமீற்றர் அளவுக்குக் குழிவு இருக்க வேண்டும். அந்தக் கால் மில்லிமீற்றரை அளக்க எங்களிடம் கருவி இருக்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் முச்சக்கர வண்டி திருத்தும் கடையொன்றில் பீலர் கேஜ் இரவல் வாங்கினோம். எஞ்சினில் வால்வு இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகள்தான் அவை. முதல் பிரெட்டையும் கடைசிப் பிரெட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவில் தகட்டைச் செருகினால் அளவு தெரிந்துவிடும். திருக வேண்டுமானால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுத்தான். பிறகு ஒருநாள் விட்டுப் பார்க்க வேண்டும். அவசரக்காரர் கையில் அந்தக் கம்பி அறுந்துபோகும்.

கண்டியில் இதைக் கவனிக்க வேண்டிய தேவை அதிகம். தை, மாசியில் இரவுக் குளிரும் பகலில் வறண்ட காற்றும். வைகாசிக்குப் பின் தென்மேல் பருவ மழை. ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு மழை. மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், காய்ந்து சுருங்கும். இரும்பு அப்படிச் செய்வதில்லை. அதனால்தான் வறண்ட மாதங்களில் பிரெட்டின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். மழைக்காலத்தில் ஜன்னலோரச் சுவரில் சாய்த்து வைத்த கிற்றார் ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் உலர்ந்தும் இருந்து முறுக்கிக்கொள்ளும். இதை அறியாமல் கிற்றார் மலிவுச் சாமான், அதனால் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுகிறோம்.

இனிக் கறுப்புக் கிற்றார்.

அதன் கழுத்து உடம்போடு பசையால் ஒட்டப்பட்டது. தலை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கிப்சன் வகையில் பொதுவாக 17 பாகை. ஒரே மரத்தில் கழுத்தையும் சாய்ந்த தலையையும் செதுக்கும்போது, சாயுமிடத்தில் மரத்தின் ரேகை குறுக்காக வெட்டுப்படுகிறது. போதாக்குறைக்கு, ட்ரஸ் கம்பியின் திருகுக்காக அங்கேயே குழியும் தோண்டுகிறார்கள். ஆகப் பலவீனமான இடம் அதுதான். முழங்கால் உயரத்திலிருந்து மல்லாக்க விழுந்தாலே போதும். அதனால் யார் கையிலிருந்து விழுந்தது என்று நாங்கள் விசாரிக்கவேயில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? தொடை எலும்பின் கழுத்து எங்கே முறியும் என்பது விழுவதற்கு முன்னரே தெரிந்த விஷயந்தானே.

தலை முழுதாகப் பிரியவில்லை. முன்பக்கத்து மெல்லிய தகடு பிடித்துக்கொண்டிருந்தது. யாரோ நல்ல எண்ணத்தில் முறிவுக்குள் சுப்பர் குளூ விட்டிருந்தார்கள். அது பிடிக்காமல் கண்ணாடிபோல இறுகியிருந்தது. முறிந்த முனைகளில் வேறு பசை காய்ந்திருந்தால் புதுப்பசை மரத்துக்குள் இறங்காது. கண்டியிலும் பேராதனையிலும் மூன்று தச்சு வேலைத்தலங்களில் காட்டினோம். இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மூன்றாமவர் பிலிமத்தலாவைப் பக்கத்துப் பாஸ். வம்சவழியாக மரச் செதுக்கல் வேலை செய்பவர். கிற்றாரை அதுவரை கையில் எடுத்ததில்லை என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எம்பக்கே தேவாலயத்துக் கூரையைப் பார்த்திருக்கிறீர்களா என்று எங்களைக் கேட்டார். பதினான்காம் நூற்றாண்டுக் கம்பளை அரசர் காலத்துக் கட்டடம்; அதன் முகப்பில் 26 கைமரங்களை ஒரே ஒரு மரமுளை சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதைச் செய்தவர்களுக்கு இது பெரிய வேலையாக இராது, எனக்குக் கொஞ்சம் பெரிய வேலைதான் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

முறிவைத் திறந்து பார்த்தபோது அது மரரேகையோடு சாய்வாக ஐந்து சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஓடியிருந்தது. எங்களுக்கு உள்ளூரக் கவலை. எலும்பில் சாய்வு முறிவு என்றால் வழுக்கி விலகும். குறுக்கு முறிவு ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். பாஸ் மகிழ்ச்சியடைந்தார். மரத்தில் கதை தலைகீழ். சாய்வாக முறிந்தால் ஒட்டுவதற்கு இரண்டு பக்கமும் நிறையப் பரப்பு கிடைக்கிறது, அதுவும் ரேகையின் நீளவாட்டில். பிஸ்கட் போலக் குறுக்காக முறிந்திருந்தால் பசை மட்டும் போதாது, பின்பக்கம் காடி வெட்டி வைரமான மரச்சலாகைகள் இரண்டைப் புதைக்க வேண்டியிருக்கும் என்றார். இன்னொரு வித்தியாசமும் உண்டு. எலும்பை நேராக வைத்துவிட்டால் மிச்சத்தை எலும்பே பார்த்துக்கொள்ளும். மரம் தன்னைத்தானே ஒட்டிக்கொள்வதில்லை. வைப்பதை முதல் தடவையே சரியாக வைத்தாக வேண்டும்.

பழைய சுப்பர் குளூவை அகற்ற ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. நகப்பூச்சு துடைக்கும் அசற்றோனைப் பஞ்சில் தொட்டு இளக்கி, 15 ஆம் இலக்கச் சத்திரசிகிச்சைப் பிளேட்டால் மரநாரைக் காயப்படுத்தாமல் சுரண்டினோம். கிற்றாரின் கறுப்பு வர்ணத்தில் அசற்றோன் பட்டால் அதுவும் கரைந்துவிடும் என்பதால் சுற்றிலும் ஒட்டுநாடா. அந்த வேலையைச் செய்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர். அலுமாரியிலிருந்து கிற்றாரை இறக்கவைத்த அந்தப் பிள்ளையும், அவளோடு வந்த இரண்டு பேரும். பல்வைத்தியராக இருக்கும் எங்கள் தோழி கொண்டுவந்த கொக்கி ஊசியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை.

பசைக்கு முன் வெள்ளோட்டம். பசையில்லாமலே கிளாம்ப் போட்டு, முனைகள் மயிரிழை விடாமல் மூடுகின்றனவா என்று பார்த்தோம். வழுக்காமலிருக்கப் பாஸ் கழுத்தின் வளைவுக்கேற்ப இரண்டு கட்டைகளைக் குடைந்து செய்தார். பிறகு தச்சு வேலைக்குப் பாவிக்கும் சாதாரண மரப்பசை, புதிதாக உடைத்த போத்தலிலிருந்து. ஆழமான இடங்களுக்கு ஊசிக்குழாயால் செலுத்தினோம். அது எங்கள் தொழில் அல்லவா! கிளாம்பை இறுக்க ஓரங்களில் பசை மணிமணியாகக் கசிந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு இருபத்துநான்கு மணி நேரம் தொடவில்லை. கிளாம்ப் எடுத்த பிறகும் மழைக்காலம் என்பதால் ஒரு கிழமை பொறுத்தோம். தந்திகளை மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதிக்கு ஏற்றினோம். முகங்கள் பொருந்தி, பசை நல்லதாக இருந்தால் ஒட்டிய இடம் பக்கத்து மரத்தைவிட உறுதி என்பார்கள். ஒன்றரை வருடமாகிறது. இன்னும் சுருதி நிற்கிறது. பின்பக்கம் வடு தெரிகிறது. வர்ணம் பூசி மறைக்கலாம் என்றார் பாஸ். பிள்ளைகள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சிவப்புக் கிற்றாரின் நோய் வேறு. தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளவாட்டில் பார்த்தால், முதல் பிரெட்டும் பன்னிரண்டாம் பிரெட்டும் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை, துணி பிழிந்தாற்போல. ட்ரஸ் கம்பி முன் பின் வளைவை மட்டுமே சரிசெய்யும், முறுக்கை அது அறியாது. சூடேற்றி அழுத்தி நிமிர்த்துவதும், விரற்பலகையைச் சீவிப் பிரெட்டுகளைப் புதிதாகப் பதிப்பதும் உண்டு. அதற்குப் பழகிய கை வேண்டும். ஆகவே கழுத்தை மாற்றுவதே வழி.

மாற்றலாம் என்பதற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டியது லியோ பென்டர் என்பவருக்கு. கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி திருத்திக்கொண்டிருந்தவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். 1950 இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த மின்கிற்றாரில் கழுத்தைப் பசையால் ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் உடம்போடு பூட்டினார். 1954 இல் வந்த ஸ்ட்ரற்றோகாஸ்டரும் அப்படித்தான். வாத்தியம் செய்யும் பரம்பரைக் கைவினைஞர்களுக்கு இது பலகைச் சாமானாகத் தோன்றியிருக்கும். ஆனால் திருத்துபவரின் கண்ணோடு பார்த்தவருக்குத்தான் இது தோன்றும்: கெட்டுப்போகக்கூடிய பாகம் கழன்று வர வேண்டும். தலையையும் அவர் சாய்க்காமல் நேராகவே விட்டார்; அதனால் அந்த வகையில் தலைமுறிவு குறைவு.

இந்த விவாதம் நமக்கும் புதிதல்ல. ஒரே பலாக்கட்டையில் குடமும் தண்டியும் குடைந்த ஏகாண்ட வீணைக்குத்தான் நம் வித்துவான்கள் மதிப்புக் கொடுப்பார்கள். பாகங்களைத் தனித்தனியே செய்து சேர்த்தது ஒட்டு வீணை. ஒரு படி கீழே வைத்துத்தான் பேசுவார்கள். நாதத்தைப் பற்றி அவர்களோடு வாதாட எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகள் மாறி மாறி எடுத்து வாசிக்கும் பாடசாலை அறைக்கு ஒட்டு வீணையும் பூட்டுக் கழுத்தும்தான் ஏற்றவை என்று துணிந்து சொல்வோம். வீணையையும் கிற்றாரையும் சேர்த்துப் பேசுவது சிலருக்குப் பிடிக்காமலிருக்கலாம். ஜோன் மக்லாக்லின் என்ற ஆங்கிலேயக் கிற்றார்க்காரர் எஸ். இராமநாதனிடம் வீணை படித்தார். கமகம் பிடிக்க வசதியாகத் தன் கிற்றார்க் கழுத்தில் பிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்க வைத்து, 1970களில் சக்தி குழுவில் அதை வாசித்தார். கழுத்துகள் ஒன்றையொன்று முன்பே அறிந்திருக்கின்றன.

கழுத்து வேண்டுமென்று சங்கத்தின் எல்லாக் கிளைகளுக்கும் எழுதினோம். முதலில் பதில் வந்தது மெல்பேர்ணிலிருந்து. அனுப்பிவைக்கவும் ஆயத்தமாகிவிட்டார்கள். அளந்து படம் அனுப்பச் சொன்னோம். நட்டிலிருந்து பன்னிரண்டாம் பிரெட் வரை 31.4 சென்ரிமீற்றர். நமக்குத் தேவை 32.4. ஒரு சென்ரிமீற்றர்தானே என்று தோன்றும். பன்னிரண்டாம் பிரெட் என்பது தந்தியின் சரிபாதி. அங்கே அழுத்தினால் மேல் ஸ்தாயி பிறக்கும். நட்டிலிருந்து குதிரை வரையுள்ள நீளம் அதைப்போல இரண்டு மடங்கு. பென்டர் வகையில் இந்த நீளம் 25.5 அங்குலம், கிப்சன் வகையில் 24.75. ஒவ்வொரு பிரெட்டின் இடமும் அந்த நீளத்தை 17.817 ஆல் வகுத்து, மிச்சத்தை மீண்டும் வகுத்து வருவது. குதிரை ஒரு கணக்கிலும் கழுத்து இன்னொரு கணக்கிலும் இருந்தால் எந்த இடத்தில் விரல் வைத்தாலும் அபசுரந்தான். நீங்கள் கேட்டால் நம் கணித ஆசிரியை இதை இன்னும் அழகாக விளக்குவார். மெல்பேர்ண் தோழிக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். அவர் கோபிக்கவில்லை, அதோ மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்.

பிறகு ரொறன்ரோவிலிருந்து ஓர் அக்கா எழுதினார். மகன் கைவிட்ட கிற்றார், உடம்பு உடைந்தது, கழுத்து நன்றாக இருக்கிறது. அளவுநாடாவோடு படம் வந்தது: 32.4. அடிப்பகுதியின் அகலம் 56 மில்லிமீற்றர், அதுவும் சரி. கழுத்தை மட்டும் கழற்றினால் நீளம் எழுபது சென்ரிமீற்றருக்குள் அடங்கும். பெட்டிக்குள் மூலைக்கு மூலை கிடத்தி, பட்டுச்சேலையில் சுற்றிக் கொண்டுவந்தார். விரற்பலகை ரோஸ்வுட். நாம் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லும் மரம். உலகத்துக் கிற்றார்களில் இருக்கும் ரோஸ்வுட்டில் நிறையத் தென்னிந்தியக் காட்டு மரமே. 2017 இல் அந்த மரவினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது வாத்தியக்காரர்கள் திண்டாடினார்கள். 2019 இறுதியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்குக் கிடைத்தது. அதனால் விமான நிலையத்தில் அக்காவிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, சேலைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான்.

பூட்டுவதற்கு ஒரு சனிக்கிழமை போதுமாயிருந்தது. புதுக்கழுத்தின் திருகுத் துளைகள் நம் உடம்பின் துளைகளோடு பொருந்தவில்லை. பழைய துளைகளை வைரமான மரமுளையால் அடைத்து, பசை காய்ந்த பிறகு புதிதாகத் துளைத்தோம். துளைக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதல் தந்தியையும் ஆறாம் தந்தியையும் மட்டும் கட்டி, விரற்பலகையின் இரு ஓரங்களிலிருந்தும் சம தூரத்தில் ஓடுகின்றனவா என்று பார்த்துக் கழுத்தை நேராக்க வேண்டும். கண்ணால் பார்த்துத் துளைத்துவிட்டால் ஒரு தந்தி ஓரத்திலிருந்து நழுவிக்கொண்டேயிருக்கும். திருகாணியில் மெழுகுதிரியைத் தேய்த்து ஏற்றினால் மரம் பிளக்காது. இதைச் சொல்லித்தந்தது பாஸ், துளைத்தது பிள்ளைகள்.

எங்கள் அணியில் ஒருத்திக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அந்தப் பழைய கழுத்தில் ஐந்தாம் பிரெட்டுக்குப் பக்கத்தில் எங்கள் விரல்கள் தேய்த்த இடம் இருந்தது. இது இனி நம்முடைய கிற்றார்தானா என்று கேட்டாள். எரிக் கிளப்டனின் கறுப்புக் கிற்றார் மூன்று பழைய ஸ்ட்ரற்றோகாஸ்டர்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது என்பதையும், 2004 இல் அது 959,500 டொலருக்கு ஏலம் போனதையும் அவளுக்குச் சொன்னோம். நம்முடையதை அவ்வளவுக்கு யாரும் கேட்கவில்லை. பழைய கழுத்தை எறியவில்லை. பிரெட் கழற்றவும் பதிக்கவும் பிள்ளைகள் அதில்தான் பழகுகிறார்கள்.

கணக்கு: பாஸின் கூலி, பசை, இரண்டு தொகுதித் தந்தி, திருகாணிகள், கிளாம்ப் நான்கு, போக்குவரத்து எல்லாம் சேர்த்தும் மலிவான ஒரு புதிய கிற்றாரின் விலையில் மூன்றிலொன்று வரவில்லை. பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் இருக்கின்றன. இதற்கென நீங்கள் தந்ததில் மிஞ்சியதும் அவரிடமே.

எல்லாவற்றையும் திருத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். இசையறை ஆர்மோனியத்தின் துருத்தியைக் கறையான் தின்றுவிட்டது. அதைக் கழிப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஒரு வயலினுக்கும் அதே கதிதான். ஆனால் கழிக்கும் பட்டியலில் உள்ள வீணை ஒன்றுக்கு, மெழுகு இளகி மெட்டுகள் பெயர்ந்திருப்பதைத் தவிர வேறு குறை இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் புதிதாக மேளம் கட்டினால் போதும். பார்க்காமலே பட்டியல் எழுதியிருக்கிறார்கள் என்பதே எங்கள் மனத்தாங்கல். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மரணச் சான்றிதழில் கையெழுத்திடுவதில்லை.

நாங்கள் கேட்கும் திருத்தம் இதுதான். நூற்றாண்டு நிதியில் பத்தில் ஒரு பங்கைத் திருத்தும் வேலைக்கென ஒதுக்குங்கள். இசையறையின் பின்தாழ்வாரத்தில் ஒரு வேலைமேசை, ஓர் ஈரமானி, பூட்டுள்ள கருவிப்பெட்டி. கழிக்க வேண்டுமென்று நினைக்கும் எந்த வாத்தியமும் முதலில் அந்த மேசைக்கு வரட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாஸ் வரச் சம்மதித்திருக்கிறார். பிள்ளைகள் எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். புதியவை வாங்குவதையும் வாங்குங்கள். கிற்றார் வாங்கும்போது மட்டும் கழுத்து திருகாணியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

விடுமுறையில் ஊருக்கு வருபவர்கள் சொக்கலேற்றுக்குப் பதிலாக ஒரு தொகுதித் தந்தி கொண்டுவரலாம். பத்தாம் இலக்கத்தில் தொடங்குவது போதும். கழுத்து தர நினைப்பவர்கள் எழுத முன்னர் நட்டிலிருந்து பன்னிரண்டாம் பிரெட் வரை அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். 32.4 சென்ரிமீற்றர் என்றால் இரண்டாவது சிவப்புக் கிற்றாருக்கு உடம்பு தேடத் தொடங்கிவிடுவோம்.